குமரி மாவட்டக் கடற்கரையில் குடும்பத்துடன் தங்க ஏற்ற பருவம் எது?

திருப்பூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை தக்கலையில் வாழ்க்கைப்பட்டிருப்பதால் கல்யாணம், காதுகுத்து என்று நாங்கள் குமரி மாவட்டத்துக்கு வந்து போவது உண்டு. ஆனால் மண்டபத்திலிருந்து நேராக ரயில் நிலையத்துக்குப் போய்விடுவோமே தவிர, கடலோரத்தில் நிதானமாகத் தங்கியதே இல்லை. வரும் ஆண்டில் அப்பா, அம்மா, கணவர், பிள்ளைகள் எல்லோருமாகச் சில நாட்கள் கடற்கரைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

எந்த மாதம் வருவது என்பதில்தான் குழப்பம். கணவர் பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்ப்பதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் அவருக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து சில நாட்கள், பிறகு கோடை விடுமுறை. மே மாதத்தில்தான் வானம் வெளுத்திருக்கும், கடலுக்கு அதுவே ஏற்றது என்கிறார் ஓர் உறவினர். ஜூன், ஜூலையில் வந்தால் திற்பரப்பு அருவியில் தண்ணீர் கொட்டும், கடற்கரையில் கூட்டமும் இருக்காது என்கிறார் இன்னொருவர். இணையத்தில் தேடினால் ‘அக்டோபர் முதல் மார்ச் வரை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களுக்குள்தானே வருகிறது?

அம்மாவுக்குக் கடலில் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு மூட்டுவலி, வெயிலில் வரிசையில் நிற்க அவரால் முடியாது. பிள்ளைகளுக்கு அலையில் விளையாட வேண்டும். இந்த மூன்றும் ஓரளவாவது கூடிவரும் காலம் எது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

நாகர்கோவில் ஆசிரியர் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் நாகர்கோவிலில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் குழப்பம் நியாயமானது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றே பெருமழை. குமரி மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. கேரளத்தில் ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை அதே நாட்களில் இங்கும் இறங்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் அதை இடவப்பாதி என்பார்கள். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆக, மழையின் கணக்கில் மட்டும் பார்த்தால் நம்பி வரக்கூடிய காலம் ஜனவரி முதல் மார்ச் முற்பகுதி வரை. அதற்கு அடுத்தபடியாக, இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட செப்டம்பர் பிற்பகுதியையும் அக்டோபரின் முதல் நாட்களையும் சொல்லலாம்.

தீபாவளி விடுமுறையில் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நாட்களில் இங்கே நாள் முழுவதும் மழை பெய்யும் என்பதல்ல. பெரும்பாலும் காலையில் வெயில் நன்றாகவே அடிக்கும், நண்பகலுக்குப் பிறகு மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வரும், நீங்கள் சூரியன் மறைவதைப் பார்க்கக் கரைக்குப் போகும் நேரத்தில் இடியும் மின்னலுமாகப் பிடித்துக்கொள்ளும். குமரிக்கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு ஏதேனும் உருவாகிவிட்டால் நாட்கணக்கில் அறைக்குள்ளேயே இருக்க நேரும். 2021 நவம்பரில் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளக்காடானதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, அம்மாவின் ஆசையைப் பற்றி. கன்னியாகுமரியில் சூரியன் கடலில் உதித்துக் கடலில் மறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் அப்படி அல்ல என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சூரியன் மறையும் இடம் கோடையில் வடக்கு நோக்கியும் குளிர்காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. குமரி முனையிலிருந்து நம் மேற்குக் கரை நேர் மேற்காகப் போகாமல் சற்று வடமேற்காகச் சாய்ந்து செல்கிறது. அதனால் கோடை மாதங்களில் முனையில் நின்று பார்த்தால் சூரியன் நிலத்தின் பக்கமாக இறங்கிவிடும். அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் அங்கிருந்து கடலுக்குள் இறங்குவதைக் காணலாம். அந்த மாதங்களுக்கு வெளியே வருகிறவர்கள் முட்டத்துக்கோ அதற்கும் மேற்கே தேங்காய்ப்பட்டணத்துக்கோ போவது நல்லது. அங்கே கரை நன்றாகத் தென்மேற்கு நோக்கித் திரும்பியிருப்பதால் எந்த மாதத்திலும் சூரியன் கடலில்தான் மறையும்.

வெயிலைப் பொறுத்தவரை, திருப்பூர்க்காரர்களுக்கு எங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சுகமாகவே இருக்கும்.

குளச்சல் பக்கத்துக் கரையிலிருந்து ஒருவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா வானத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடுகிறார்கள். எங்கள் கரையில் ஒவ்வொரு ஆண்டும் உயிர்கள் போவதற்கு அதுவே பெரிய காரணம். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். சகோதரி, உங்கள் உறவினர் சொன்ன அந்த மே மாதத்தைத்தான் நான் முதலில் விலக்கச் சொல்வேன்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, பெருங்காற்று வீசும்போது அங்கே நெடிய அலைகள் எழுகின்றன. அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து சில நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இதைத்தான் நாங்கள் கள்ளக்கடல் என்கிறோம். அது வருகிற நாளில் நம் ஊரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் கண்ணாடி போல இருக்கும். கடலும் பார்ப்பதற்கு அமைதியாகவே தோன்றும். சாதாரண நாளில் ஓர் அலைக்குப் பின்னால் அடுத்த அலை சில நொடிகளில் வந்துவிடும். கள்ளக்கடல் நாளில் அந்த இடைவெளி 15 நொடியையும் தாண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் பின்வாங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். அடுத்து வருகிற அலை உயரமாக இருக்காது, ஆனால் அதன் பின்னால் தண்ணீர் தீராமல் வந்துகொண்டே இருக்கும். முழங்காலில் இருந்த நீர் இடுப்புக்கு ஏறி, திரும்பிப் போகும்போது காலடி மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நன்றாக நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். அதற்கு முன்பே ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்த எச்சரிக்கை எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்துவிடும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கைக்கு அது போய்ச் சேரவில்லையே என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆகவே எந்த மாதம் வந்தாலும் முதல் நாள் இரவே இன்காய்ஸ் அறிவிப்பையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். அதோடு, கரையில் வள்ளங்கள், அதாவது நாட்டுப்படகுகள், எங்கே கிடக்கின்றன என்றும் பாருங்கள். வழக்கமாக அலை தொடும் இடத்துக்குச் சற்று மேலே வரிசையாக நிற்கும் வள்ளங்களைச் சாலையோரத்துத் தென்னை மூடு வரைக்கும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அன்றைக்குப் பிள்ளைகளை மணலில் இறக்காதீர்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடல் தன் குணத்தை மறைப்பதில்லை. ஆனி, ஆடியில் கடல் வெளிப்படையாகவே சீறும். நீரோடியிலிருந்து குளச்சல் வரைக்கும் பல ஊர்களில் கடலரிப்பு, அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் கற்கள் மேல் அலை ஏறி அடிக்கும், கரை மணலைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் பிள்ளைகள் விளையாட நினைக்கும் மணல்வெளி அப்போது பல இடங்களில் இருக்கவே இருக்காது. செப்டம்பருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மணல் திரும்பி வரும். தை, மாசியில்தான் கரை அகலமாகவும் சரிவு குறைந்தும் கிடக்கும். திற்பரப்பு அருவிக்காக ஜூலையில் வரலாம், அது தனி மகிழ்ச்சி. ஆனால் அதைக் கடற்கரை விடுமுறை என்று எண்ணி வர வேண்டாம்.

நவம்பர் மாதத்தைப் பற்றி ஆசிரியர் ஐயா மென்மையாகச் சொல்லிவிட்டார். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் எவ்வளவு குறுகிய நேரத்தில் உருவாகிக் கடலில் இருந்தவர்களைச் சூழ்ந்தது என்பதை எங்கள் ஊர்கள் ஒவ்வொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டன.

மீன் சாப்பாட்டில் விருப்பமுள்ள குடும்பம் என்றால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை நம் மாவட்டத்தில் இரண்டாகப் பிரிந்து வரும். கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கில் சேர்வதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஆகியவை மேற்குக் கரைக் கணக்கு என்பதால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போதும் நாட்டுப்படகுகளில் மீன் வரும், ஆனால் குறைவாக வரும், விலையும் கூடும்.

கன்னியாகுமரி விடுதிப் பணியாளர் எழுதியது:

கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மாதத் தொடக்கத்தில் மகரவிளக்கு முடியும் வரை எங்கள் ஊரில் ஐயப்ப பக்தர்கள் சீசன். அரையாண்டு விடுமுறையும் ஆங்கிலப் புத்தாண்டும் அதற்கு நடுவிலேயே வருவதால் அறை வாடகை மிகவும் ஏறிவிடும், விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்கு வரிசை தெருவரை நீளும். 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பாலம் ஒரு வரம், ஏனென்றால் பாறையிலிருந்து சிலைக்குப் போக மறுபடியும் படகில் ஏறி இறங்க வேண்டியதில்லை. ஆனால் பாறைக்குப் போகும் அந்த முதல் வரிசைக்கு வழி என்ன என்றால், விடுமுறை இல்லாத வார நாளில் காலை 8 மணிக்குப் படகு தொடங்கும் முன்பே வந்துவிடுவதும் சிறப்புக் கட்டணச் சீட்டு வாங்குவதும்தான்.

பொங்கலை ஒட்டிய நாட்களிலும் கூட்டம் அதிகம். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் முக்கடல் சங்கமத்தில் புனித நீராட வருவோர் திரண்டிருப்பார்கள். நீங்கள் அதற்காகவே வரவில்லை என்றால் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

திருப்பூர் வாசகி எழுதியது:

இவ்வளவு பொறுப்பாக எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. குளச்சல் அண்ணன் எழுதியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மே மாதத்தையும் தீபாவளியையும் விட்டுவிட்டோம். கணவருக்குச் சில நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம். அப்படியானால் காலாண்டு விடுமுறையில் செப்டம்பர் கடைசியில் வருவதா, அல்லது பிள்ளைகளைச் சில நாள் பள்ளிக்கு அனுப்பாமல் பிப்ரவரியில் வருவதா? எந்த ஊரில் தங்கினால் அப்பா அதிகம் நடக்காமல் கடலைப் பார்க்க முடியும்? பிள்ளைகளை எந்தக் கரையில் விடலாம்?

முட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியது:

மகளே, பள்ளியில் விடுப்புக் கிடைக்குமானால் பிப்ரவரிக்கே வாருங்கள். கிடைக்காவிட்டால் செப்டம்பர் கடைசியும் மோசமில்லை. கடலில் ஆடி மாதத்து முரட்டுத்தனம் தணிந்து வரும், ஊரும் பச்சையாக இருக்கும். ஆனால் நவராத்திரி அந்த நாட்களில் விழுந்தால் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலில் விழாக் கூட்டம் இருக்கும் என்பதையும், சூரியன் மறைவதைப் பார்க்க எங்கள் பக்கம்தான் வர வேண்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாளும் கன்னியாகுமரி ஊருக்குள்ளேயே தங்க வேண்டாம். விடியலில் சூரியன் எழுவதைப் பார்ப்பதற்காக ஓர் இரவு அங்கே, கடல் தெரியும் அறையில் தங்கினால் போதும். அப்பா மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். அன்று காலையிலேயே வட்டக்கோட்டைக்குப் போய்வாருங்கள். கோட்டையின் மேல்தளத்துக்குச் சாய்வான ஏற்றப்பாதை உண்டு, மெதுவாகக் கைபிடித்து அழைத்துப் போகலாம். பிறகு மேற்கே வந்துவிடுங்கள். எங்கள் முட்டத்தில் கடற்கரை பள்ளத்திலும் ஊர் செம்மண் மேட்டிலுமாக இருக்கிறது. மூட்டுவலிக்காரர் கீழே பாறைகளுக்கு இடையே இறங்க வேண்டியதே இல்லை. மேட்டில் இருந்துகொண்டே சூரியன் கடலில் இறங்குவதை முழுவதுமாகப் பார்த்துவிடலாம்.

பிள்ளைகளுக்குச் சொத்தவிளை, சங்குத்துறைக் கரைகள் மணல்பாங்கானவை, நாகர்கோவிலுக்குப் பக்கம். பாறைகள் நிறைந்த முட்டத்துக் கரையில் பிள்ளைகளை விடாதீர்கள், பாசி வழுக்கும். பொழிமுகம் எங்கே இருந்தாலும் அங்கே விடவே விடாதீர்கள். ஆற்று நீர் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் இடத்தில் நேற்று முழங்கால் ஆழம் இருந்தது இன்று ஆள் ஆழமாக மாறியிருக்கும். தேங்காய்ப்பட்டணத்துக்கும் மணக்குடிக்கும் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். சொத்தவிளையிலும் முதலில் சற்று நேரம் கரையில் நின்று கடலைக் கவனியுங்கள். வெள்ளை நுரை வரிசையாக உடைந்து வருகிற இடத்துக்கு நடுவே, ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல் தண்ணீர் கருத்து அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் நீர் உள்ளே இழுக்கிறது. விவரம் தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று நம்பி அதிலேயே இறங்குவார்கள். ஈர மணலில் நின்று, அலை வந்து கணுக்காலை நனைத்துப் போகும் அளவுக்கு விளையாடினாலே பிள்ளைகளுக்குப் போதும். பெரியவர் ஒருவர் எப்போதும் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கரைப்பக்கம் அல்ல.

மாசியில் வருவதாக இருந்தால் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடைவிழா நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட வருவதென்றால் அதைவிடச் சிறந்த நேரம் இல்லை. அமைதியாகக் கடல் பார்ப்பதற்கு அந்த வாரத்தில் மேற்குக் கரைச் சாலை தோதுப்படாது. பிப்ரவரியில் அக்கானியும், அதாவது பதநீரும், இறங்கத் தொடங்கியிருக்கும், விடியற்காலையில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நாகர்கோவில் ஆசிரியர் எழுதியது:

அம்மா, பிப்ரவரி என்று முடிவு செய்தால் ஒரு யோசனை. சித்திரைப் பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் சந்திரன் எழுவதையும் ஒரே நேரத்தில் காணலாம் என்று பலர் அந்த நாளுக்கு வருவார்கள். உண்மையில் எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் வேளையை ஒட்டியே எதிர்த்திசையில் சந்திரன் எழும். சித்திரையில் சூரியன் வடக்கே விலகி நிலத்தின் பக்கமாகச் சாய்ந்துவிடும். தை, மாசிப் பௌர்ணமிகளிலோ சூரியன் கடலில் இறங்க, சந்திரனும் கடலிலிருந்தே எழும். உங்கள் அம்மா பார்க்க விரும்புவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே முதலில் பௌர்ணமி எந்தக் கிழமையில் விழுகிறது என்று நாள்காட்டியில் பாருங்கள்; அன்றைக்குக் கன்னியாகுமரி ஊரிலும் அதற்கு முன்போ பின்போ முட்டத்திலும் தங்குவது போல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நீர்மட்டம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் படகு தரைதட்டும் என்பதால், காலையில் படகுப் போக்குவரத்தைத் தாமதமாகத் தொடங்குவதும் சில நேரம் நிறுத்தி வைப்பதும் உண்டு. அதனால் பாறைக்கும் சிலைக்கும் போவதைப் பௌர்ணமி நாளில் வைக்காமல் வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். அப்பாவை வரிசையில் காத்திருக்க வைக்க நேராது. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, மதுரை வழியாக நாகர்கோவில் வரும் இரவு ரயிலில் வந்தால் காலையில் இறங்கிவிடலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும்; பெற்றோருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும் என்பதால் திறக்கும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.